வெந்நீருக்கு ஒரு வழி

திருவனந்தபுரம் வலியசாலை அக்கிரகாரத்தின் பழைய வீடுகள் முன்னால் குறுகியவை, பின்னால் நீண்டவை. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை எல்லாம் கடந்தால் கடைசியில் கொல்லை. ஒரு வீட்டின் பக்கச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். கிணறும் குளியலும் கொல்லையோடு இருந்த காலத்தில், தமிழ்க் குடும்பங்களின் வெந்நீர்த் தேவையைச் செப்பு பாய்லர் பார்த்துக்கொண்டது. அதன் நடுவே கரியும் சுள்ளியும் போட ஒரு குழல். குழலைச் சுற்றித் தண்ணீர். அடியில் சாம்பல் தட்டு. பக்கவாட்டில் திருகு குழாய். மேலே ஒரு புனல். வெந்நீர் வேண்டுமானால் புனலில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது அடிவரை இறங்கி, மேலே நிற்கும் வெந்நீரைத் தள்ளிக் குழாய் வழியே வெளியே அனுப்பும்.

புனல் எப்போதும் திறந்தே இருக்கும். நெருப்பை அப்படியே விட்டு மறந்துவிட்டால் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், ஆவி புனல் வழியே போகும், கடைசியில் பாத்திரம் வற்றி அடி தீயும். நட்டம் பாத்திரத்தோடு முடிந்துவிடும். உள்ளே அழுத்தம் சேர இடமே கிடையாது.

இப்போது குளியலறை வீட்டுக்குள் வந்துவிட்டது. ஜன்னல் சிறுத்துவிட்டது. பாய்லர் போய், தலைக்கு மேலே சுவரில் கீசர் தொங்குகிறது. கரி வாங்க வேண்டாம், புகை இல்லை, சுவிட்ச் போட்டால் போதும். வயதானவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அது தரும் ஆறுதல் சிறியதல்ல. ஆனால் கீசர் மூடிய பாத்திரம். செப்பு பாய்லருக்குத் தன் வடிவத்தாலேயே கிடைத்த பாதுகாப்பைக் கீசருக்குச் சில சின்னஞ்சிறு கருவிகள்தான் தருகின்றன. அந்தக் கருவிகள் எவை, அவை எப்படிக் கெடுகின்றன, பெரும்பாலும் எப்படி மனிதக் கைகளாலேயே கெடுக்கப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது, கீசர் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உயிர் காக்கும் அறிவு.

ஒரு டம்ளர் தண்ணீர்

சூடேறினால் தண்ணீர் விரியும். 27 டிகிரியில் நிரம்பியிருக்கும் 15 லிட்டர் கீசரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், உள்ளே இருக்கும் நீர் ஏறத்தாழ 200 மில்லி கூடுகிறது. ஒரு டம்ளர் அளவு. அதுவே 100 டிகிரிக்குப் போனால் கூடுதல் 600 மில்லியாகும்.

அந்த ஒரு டம்ளர் எங்கே போகும்? குழாய்கள் மூடியிருக்கின்றன. வந்த வழியே மொட்டை மாடித் தொட்டிக்குத் திரும்பலாம் என்றால், கீசரின் நுழைவாயிலில் ஒருவழி வால்வு இருக்கிறது. தொட்டி காலியானாலும் கீசர் காலியாகிவிடக் கூடாது, வெந்நீர் பச்சைத் தண்ணீர்க் குழாயில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. உள்ளே வரவிடும், திரும்பிப் போகவிடாது.

அமுங்கி அடங்கிக்கொள்ளலாம் என்றால் தண்ணீரின் குணம் அதற்கு இடம் தராது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை ஒரு சதவீதம் அமுக்கவே வளிமண்டல அழுத்தத்தைப் போல 200 மடங்குக்கு மேல் வேண்டும். வீட்டு கீசர்களின் தொட்டி பொதுவாக 8 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தின் எட்டு மடங்கை ஒட்டிய அழுத்தத்துக்காகச் செய்யப்படுகிறது. ஆகவே வழி கிடைக்காத ஒரு டம்ளர் தண்ணீர், இரும்புத் தொட்டியின் பற்றவைப்புகளையும் இணைப்புகளையும் சோதித்துப் பார்த்துவிடும்.

இதற்காகத்தான் பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்தில், அந்த ஒருவழி வால்வோடு சேர்த்தே அழுத்தம் தணிக்கும் வால்வும் பொருத்தப்படுகிறது. இரண்டு வேலையையும் ஒரே உடம்பில் செய்வதால் இதை மல்டி-ஃபங்ஷன் வால்வு என்கிறார்கள். விரலளவுதான் இருக்கும். உள்ளே அழுத்தம் எல்லையைத் தொட்டால் அதன் சிறு மூக்கு வழியே நீர் சொட்டும். சூடேறும் நேரத்தில் கொஞ்சம் சொட்டுவது அதன் இயல்பு. கூடிய அந்த ஒரு டம்ளர் பத்திரமாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வீட்டில் அது வேறு மாதிரித் தெரிகிறது. "கீசர் லீக் ஆகிறது" என்று ஆள் வருகிறது. வந்தவர் மூக்கில் எம்-சீல் அப்பிவிடுகிறார், அல்லது ஒரு திருகை முறுக்கிவிடுகிறார், அல்லது சொட்டுக்காக மாட்டிய ரப்பர் குழாயை மடக்கிக் கட்டிவிடுகிறார். சொட்டு நின்றுவிடுகிறது. எல்லாருக்கும் திருப்தி. அந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டின் கீசருக்கு வெளியேறும் வழி இல்லை. வெந்நீர்க் கருவிகளுக்குச் செய்யப்படும் பழுதுபார்ப்புகளில் இதைவிடக் கெடுதலானது இல்லை.

வால்வு ஓயாமல், சூடேறாத நேரத்திலும் ஒழுகினால் அதற்குள் உப்போ மண்ணோ சிக்கியிருக்கலாம். குழாய் அழுத்தம் மிகுதியாக இருக்கலாம். மாடியில் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இது அடிக்கடி நேரும். அப்போது செய்ய வேண்டியது வால்வை மாற்றுவதும் அழுத்தத்தைக் குறைப்பதும்தான். அடைப்பது ஒருபோதும் தீர்வாகாது.

நூறு டிகிரிக்கு அப்பால்

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தோம். அது திறந்த பாத்திரத்துக்கான விதி. மேலிருந்து அழுத்தினால் கொதிநிலை உயரும். பிரஷர் குக்கருக்குள் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாகச் சேர்வதால் அங்கே நீர் 120 டிகிரியில்தான் கொதிக்கிறது. குக்கரின் மூதாதையை 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் செய்து காட்டியவர் பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பின். எலும்பை மெத்தென்று வேகவைத்த அந்தப் பாத்திரத்தோடு, எடை வைத்த காப்பு வால்வையும் அவர் உலகுக்குத் தந்தார். மூடிய பாத்திரத்தில் நீரைக் காய்ச்சுகிறவன் முதலில் வெளியேறும் வழியை அமைக்க வேண்டும் என்ற அறிவு 300 ஆண்டுகளுக்கு மேல் பழையது.

அழுத்தத்தோடு கொதிநிலை ஏறும் கணக்கு இது: ஐந்து மடங்கு அழுத்தத்தில் 150 டிகிரிக்குச் சற்று மேல், கீசரின் அழுத்த வால்வு திறக்கும் 8 பார் எல்லையில் சுமார் 175 டிகிரி. அதாவது கட்டுப்பாடு கெட்ட கீசரில் தண்ணீர் 150 டிகிரியிலும் கொதிக்காமல், ஆவியாகாமல், அமைதியாக நிற்க முடியும்.

அந்த அமைதிதான் பயங்கரம். தொட்டி எங்காவது கிழிந்தால் அழுத்தம் ஒரு நொடியில் போய்விடும். 150 டிகிரி நீர் திறந்த காற்றில் நீராக இருக்க முடியாது. அதில் பத்தில் ஒரு பங்கு அக்கணமே ஆவியாகும். மீதி 100 டிகிரிக்கு இறங்கும். நீர் ஆவியானால் இடம் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். 15 லிட்டர் கீசரில் ஒன்றேகால் கிலோவுக்கு மேற்பட்ட நீர் இப்படி ஆவியானால், இரண்டு கன மீட்டருக்கு மேல் கொதியாவி. ஐந்தடிக்கு ஏழடி, ஒன்பதடி உயரம் உள்ள குளியலறையில் அது ஏறத்தாழ கால் பங்கு. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில், கதவு மூடிய அறைக்குள். சுவரைத் தள்ளுவதும், தொட்டியையே எறிகணையாக வீசுவதும், சுற்றியிருப்பவரை வேகவைப்பதும் இந்த ஆவிதான். பொதுச் சுவர் கொண்ட வீட்டு வரிசையில் ஒரு வீட்டுக் கீசர் அடுத்த வீட்டுக்காரருக்கும் கவலை.

1982 ஜனவரி 19. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம், ஸ்பென்சர் ஊரில் ஸ்டார் தொடக்கப் பள்ளி. மதிய உணவு நேரம். சமையற்கூடத்தின் வெந்நீர்த் தொட்டி வெடித்து, அதற்கும் உணவுக்கூடத்துக்கும் இடையிலிருந்த சுவர் பிள்ளைகள் மேல் விழுந்தது. ஆறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகமும் காப்பு வால்வும் தங்கள் வேலையைச் செய்யவில்லை. இரண்டில் ஒன்று உழைத்திருந்தாலும் அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பியிருப்பார்கள்.

எவ்வளவு நேரம் இருக்கிறது?

2,000 வாட் கீசரில் 15 லிட்டர் நீர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரியை எட்டச் சுமார் 17 நிமிடம். அங்கே மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் அடுத்த 21 நிமிடத்தில் 100 டிகிரி. வழியும் அடைபட்டிருந்தால் இன்னும் 27 நிமிடத்தில் 150. சுவிட்ச் போட்டு ஒரு மணி நேரம் சற்றுக் கடந்தால் போதும்.

சின்ன கீசர் பாதுகாப்பானது என்று எண்ணுகிறவர்கள் அடுத்த கணக்கைப் பார்க்க வேண்டும். அடுக்களைகளில் மாட்டும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரில் 3,000 வாட் ஹீட்டர் இருக்கிறது. கொஞ்சம் நீர், மிகுந்த வெப்பம். 60-இலிருந்து 100 டிகிரிக்குப் போக மூன்று நிமிடம்கூட ஆகாது. 150-ஐத் தொட இன்னொரு மூன்றரை நிமிடம். கவனித்து ஓடிவந்து அணைக்க நேரமே இராது. கருவிகள்தான் காப்பாற்ற வேண்டும்.

அடுக்கடுக்கான காவல்

முதல் காவல் தெர்மோஸ்டாட். குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும். ஆறினால் மீண்டும் கொடுக்கும். 2,000 வாட் ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டம் எட்டரை ஆம்பியருக்கு மேல். ஒவ்வொரு முறை இணைப்பு பிரியும்போதும் சிறு பொறி பறக்கும். ஆண்டுக்கணக்கில் பொறி பறந்து பறந்து தொடுமுனைகள் குழி விழுந்து, ஒரு நாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிவிட்டால் அதன் பிறகு மின்சாரம் நிற்காது. தீபாவளிக்கு முந்தின இரவு, விடியற்காலைக் கங்கா ஸ்நானத்துக்காகக் கீசரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள், அந்தத் தொடுமுனையை நம்பித்தான் தூங்குகிறார்கள்.

இரண்டாவது காவல் தெர்மல் கட்-அவுட். தெர்மோஸ்டாட் தவறினால், நீர் கொதிநிலையை எட்டும் முன்பே மின்சாரத்தை வெட்டிவிடும். தானாகத் திரும்ப இணையாது; கையால் பொத்தானை அழுத்த வேண்டும். காரணம் தெளிவு: ஏன் வெட்டியது என்று ஒரு மனிதர் வந்து பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்துவதும், "அடிக்கடி ஆஃப் ஆகிறது" என்று கட்-அவுட்டை விலக்கி ஒயரை நேராக இணைத்து 'டைரக்ட்' கொடுப்பதும், காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து போடுவது.

மூன்றாவது, முன்பே பார்த்த அழுத்த வால்வு. இது அழுத்தத்தைத்தான் அறியும், சூட்டை அறியாது. 170 டிகிரி நீரும் 8 பாருக்குக் கீழே இருந்தால் அது வாய் திறக்காது. அதனால்தான் வால்வு ஒன்றையே நம்பிக் கட்-அவுட்டைக் கைவிட முடியாது. சில கீசர்களில் நான்காவதாக உருகும் திருகும் உண்டு: தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது அதிலுள்ள உலோகம் உருகி, தொட்டிக்கு ஒரு துளை திறக்கும். கீசர் வீணாகும், வீடு பிழைக்கும்.

நான்கும் ஒரே நாளில் தாமாகக் கெடுவது மிக அரிது. விபத்து வேறு விதமாக வருகிறது. ஒரு வருடம் சொட்டை அடைத்தார்கள். இன்னொரு வருடம் கட்-அவுட்டை விலக்கினார்கள். மூன்றாம் வருடம் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது. முதல் இரண்டும் நடந்தபோது கீசர் நன்றாகவே ஓடியது. அதுதான் எல்லாரையும் ஏமாற்றியது.

ஆலைகளின் பாய்லர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் சட்டம் அரசு ஆய்வாளரை நியமித்தது. சான்று இல்லாமல் அவை ஓடக் கூடாது. வீட்டுக் கீசருக்கு ஐஎஸ் 2082 என்ற இந்தியத் தர நிர்ணயமும் ஐஎஸ்ஐ முத்திரையும் உண்டு. ஆனால் அந்த முத்திரை கடையிலிருந்து வந்த நாளின் நிலையைத்தான் சொல்லும். பத்து வருடம் கழித்துக் குளியலறைக்கு எந்த ஆய்வாளரும் வரமாட்டார். அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது.

தோலின் கணக்கு

வெடிப்பு அரிது. வெந்நீர்ப் புண் அரிதல்ல. அதற்குக் கீசர் பழுதாகவே வேண்டியதில்லை. 1947-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் சூட்டுக்கும் நேரத்துக்குமான தொடர்பை அளந்தார்கள். 49 டிகிரி நீர் தோலை ஆழமாகச் சுட ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். 55 டிகிரிக்கு அரை நிமிடம். 60 டிகிரிக்கு ஐந்து விநாடி. 70 டிகிரிக்கு ஒரே விநாடி. இவை பெரியவர்களின் தோலுக்கு. குழந்தைகளின் தோல் மெல்லியது. இன்னும் சீக்கிரம் வேகும். வயதானவர்களோ, நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களோ சுடுகிறது என்று அறிவதற்குள் அந்த ஐந்து விநாடி கடந்துவிடும்.

பல கீசர்களின் திருகு 70 டிகிரிக்கும் மேலே போகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1983-இல், புதிய கீசர்களை 49 டிகிரியில் வைத்தே விற்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அப்படியானால் எல்லாரும் 49-இல் வைத்துவிடலாமா? இங்கே ஒரு கிருமி குறுக்கிடுகிறது. 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்களில் 29 பேர் நிமோனியா போன்ற நோயால் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அடையாளம் காணப்பட்ட அந்தப் பாக்டீரியாவுக்கு லெஜியோனெல்லா என்று பெயர். வெதுவெதுப்பான நீர், குறிப்பாக 25 முதல் 45 டிகிரி வரை, அதற்கு உகந்தது. 60 டிகிரியில் மடியும். தோலுக்கு 60 ஆகாது. கிருமியை ஒழிக்க 60 வேண்டும்.

இந்த முடிச்சை நம் பக்கெட் குளியல் எளிதாக அவிழ்க்கிறது. கீசரில் 60 டிகிரிக்குக் காய்ச்சு, பக்கெட்டில் விளாவிக்கொள். வெந்நீர் உடம்பைத் தொடும் முன் ஒரு கை அதைத் தொட்டுப் பார்த்துவிடுகிறது. ஷவர் வந்ததும் அந்தக் கை விலகிவிட்டது. வீட்டில் வேறொருவர் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால், ஷவரில் பச்சைத் தண்ணீர் குறைந்து, சூடு சட்டென்று ஏறும். ஷவர் வைக்கிறவர்கள் சூட்டை நிலையாக வைத்திருக்கும் தெர்மோஸ்டாடிக் மிக்ஸரை வைப்பது நல்லது. பக்கெட்டிலும் முறை ஒன்று உண்டு: முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். வெறும் வெந்நீர் நிரம்பிய பக்கெட், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது.

மொட்டை மாடியில் சூரியன்

கேரளத்தின் மாற்று எரிசக்தி முகமையான அனெர்ட்டின் தலைமையகம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. நகரத்துக் கூரைகளில் சோலார் வெந்நீர்க் கருவிகளும் பழகிவிட்டன. கண்ணாடிக் குழல்களில் காயும் நீர் எடை குறைந்து தானே மேலே ஏற, தொட்டியின் குளிர்ந்த நீர் கீழே இறங்குகிறது. மின்சாரம் வேண்டாம்.

இங்கே அடுப்பை அணைக்க முடியாது என்பதுதான் வேறுபாடு. வீட்டார் ஊருக்குப் போய்விட்டால் 100 லிட்டர் நீர் இரண்டு மூன்று தெளிந்த நாள்களில் கொதிநிலையை நெருங்கிவிடும். சாதாரண வகைத் தொட்டிகள் அழுத்தம் தாங்கும்படி செய்தவை அல்ல. மேல்நோக்கி நிற்கும் காற்றுக் குழாய்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு. அதன் வாய் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்துக்கு மேலே, திறந்து இருக்க வேண்டும். சில நேரம் அதிலிருந்து வெந்நீர் வழிகிறதே என்று மூடி போடுவது, கீசரின் சொட்டை அடைப்பதற்குச் சமம். குளவிக்கூடும் அதே கெடுதலைச் செய்யும். இத்தகைய தொட்டியோடு பிரஷர் பம்பை இணைக்கவே கூடாது. இன்னொன்று: தொட்டி காலியாகி, வெறுங்குழல்கள் உச்சி வெயிலில் காய்ந்திருக்கும்போது பச்சைத் தண்ணீர் விட்டால் கண்ணாடி விரிசல் விடும். நீர் நிரப்ப விடியற்காலை அல்லது இரவுதான் சரியான நேரம்.

வீட்டார் செய்ய வேண்டியவை

அழுத்த வால்வின் மூக்கு திறந்திருக்கிறதா, அதில் மாட்டிய குழாய் மடங்காமல் கீழ்நோக்கி, யார் மேலும் படாத இடத்தில் முடிகிறதா என்று இன்றே பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை கீசரைத் திறந்து உப்புப் படிவை அகற்றி, தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். பழுது பார்க்க வந்தவரிடம் "எதையாவது பைபாஸ் செய்தீர்களா?" என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கீசருக்குள் நீர் நிறைந்து, குழாயில் சீராக வந்த பிறகே முதன்முதலில் சுவிட்சைப் போட வேண்டும். குளிக்கப் போகும் முன் அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

குழாயைத் திறந்ததும் ஆவி சீறினாலோ, கீசருக்குள் கொதிக்கும் சத்தம் கேட்டாலோ, குளியலறைக்கு வெளியே உள்ள மெயின் சுவிட்சை அணையுங்கள். கீசர் அருகே போகாதீர்கள். அதன் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெப்பம் வெளியேறாதபடி உறை போட்ட தொட்டி அது. மணிக்கணக்கில் சூடு தங்கும். நன்றாக ஆறிய பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்த அறை யாருக்கும் வேண்டாம்.

புது வால்வும், புது தெர்மோஸ்டாட்டும், புது கட்-அவுட்டும் சில நூறு ரூபாயில் கிடைப்பவை. மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு பாகம் கெட்டுவிட்டது, அதை மாற்ற இப்போது வசதியில்லை என்றால், மாற்றும்வரை அடுப்பில் பாத்திரம் வைத்து வெந்நீர் போட்டுக் குளியுங்கள். காவல் குறைந்த கீசரை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.